பேஸிவ் ப்ரீஆம்ப்பா, ஆக்டிவ்வா?

ஸ்பீக்கரும் பவர் ஆம்பும் வாங்கியாச்சு, சிடி பிளேயருக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் ப்ரீஆம்ப் எது வைப்பது? பேஸிவ் என்றால் பெருக்கும் சர்க்யூட் இல்லாதது, ஆக்டிவ் என்றால் மின்சாரத்தில் சிக்னலைப் பெருக்குவது.

விலை
பேஸிவ்: ஒரு பெட்டி, நல்ல வால்யூம் கன்ட்ரோல், சில சாக்கெட்டுகள். சால்டரிங் தெரிந்தால் வீட்டிலேயே செய்யலாம்.
ஆக்டிவ்: பவர் சப்ளை, பெருக்கும் சர்க்யூட் எல்லாம் சேரும், செலவு கூடும்.

கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு)
பேஸிவ் சத்தத்தைக் குறைக்கும், கூட்டாது. ஆனால் சிடி பிளேயர் சுமார் 2 வோல்ட் தருகிறது. உங்கள் பவர் ஆம்ப் 1 வோல்ட்டிலேயே முழு வீச்சுக்கு வந்தால் கூட்டத் தேவையும் இல்லை. ஆக்டிவ் வாங்கி, சத்தம் அதிகமாகி, வால்யூம் திருகை எட்டு மணி நிலையைத் தாண்டித் திருப்ப முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

கேபிள்
ப்ரீஆம்பிலிருந்து பவர் ஆம்புக்குப் போகும் கேபிள் இது. பலர் சறுக்குவது இங்கேதான். 50 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலை 6 டெசிபல் குறைத்து வைத்தால் அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியேறும் சிக்னலுக்கான மின் எதிர்ப்பு) 12.5 கிலோ ஓம். மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் மின்தேக்குத் திறன் உள்ள கேபிளை 5 மீட்டர் இழுத்தால் காது கேட்கும் உச்ச எல்லையான 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 2 டெசிபல் போய்விடும். ஜால்ராவின் மினுமினுப்பு மங்கும். அதுவே 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், 1 மீட்டர் கேபிள் என்றால் கவலையில்லை. ஆக்டிவ்வுக்கு நீளம் பெரிய பொருட்டல்ல. வால்வ் (கண்ணாடிக் குழாய்) வகையில் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப் போலப் பத்து மடங்காவது இருக்கட்டும்.

ஆயுள்
பேஸிவ்வில் தூசி புகுந்து கரகரக்கும், அவ்வளவுதான். ஆக்டிவ்வில் கெப்பாசிட்டர் காயும்.

சிடியும் ஸ்ட்ரீமரும் பவர் ஆம்ப் பக்கத்திலேயே இருந்தால் பேஸிவ் போதும். ஆம்ப் ஸ்பீக்கரருகே தள்ளி இருந்தால் ஆக்டிவ். ரெக்கார்டு பிளேயர் இருந்தால் எதுவானாலும் அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜ் வேண்டும். சில ஆக்டிவ்களில் அது உள்ளேயே வரும்.