ரமலான் நோன்பும் தவக்காலமும்: மண்ணடி, ராயபுரம்

2025-இல் இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கின. மார்ச் 2 ரமலான், 5 கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். சென்னையில் முஸ்லிம்கள் கணிசமாக வாழும் மண்ணடியிலிருந்து கிறிஸ்தவர்கள் கணிசமாக வாழும் ராயபுரத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் நோன்பின் முறை வேறு.

ரமலானில் கணக்கு நேரத்தை வைத்து. பொழுது விடியுமுன் சஹர் சாப்பாடு, பிறகு சூரியன் மறையும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை. 29 அல்லது 30 நாள். நோயாளிகளுக்கும் பயணம் போகிறவர்களுக்கும் விலக்கு உண்டு. விட்ட நாளைப் பிறகு ஈடுசெய்ய வேண்டும். மாலையில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி: பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு குழைய வெந்திருக்கும். தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் இந்துக்களும் இருப்பார்கள். எனக்கு அந்த வரிசை ரொம்பப் பிடிக்கும்.

தவக்காலத்தில் எதை விடுகிறோம் என்பதே கணக்கு. ஞாயிறு நீங்கலாக 40 நாள். கத்தோலிக்கருக்குக் கட்டாய நோன்பு சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கிடையாது. மீன் சாப்பிடலாம். ஆனாலும் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருந்தும், 40 நாளும் மீனைத் தொடாத குடும்பங்கள் உண்டு. சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல், போன வருஷத்துக் குருத்தோலை ஞாயிற்றின் ஓலையை எரித்து எடுத்தது.

உடம்புக்குக் கடினம் ரமலான்தான், அதிலும் வெயில் காலத்தில். ஆசையை நாள்கணக்கில் அடக்குவது தவக்காலத்தில் கடினம். அப்புறம், ரமலான் பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். தவக்காலத்தின் முடிவில் வரும் ஈஸ்டர் மார்ச், ஏப்ரலைத் தாண்டாது.