ஷாட்கன் சோக்: ரெண்டு ட்யூப் போதும், தாளில் சுட்டுப் பாருங்கள்

மினசோட்டாவில் குடியேறிய பிறகுதான் ஷாட்கன் என் கைக்கு வந்தது. 12 கேஜ் (குழலின் அளவு) பெரெட்டா கம்பெனி துப்பாக்கி, மேலும் கீழுமாக இரண்டு குழல். கோடையில் க்ளே (பறக்கவிட்டுச் சுடும் தட்டுகள்), அக்டோபரில் ஃபெசன்ட் (காட்டுக்கோழி போன்ற பறவை), ஏரி உறையும்வரை வாத்து என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே துப்பாக்கிதான். வருடங்கள் பல ஓடிவிட்டன. புதிதாக வாங்கியவர்கள் எந்த சோக் போடுவது என்று கேட்டால், மனசில் நினைத்திருப்பதைவிட ஒரு படி திறந்ததைப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சோக் என்பது குழல் வாயில் திருகிப் பொருத்தும் சின்ன ட்யூப். 12 கேஜ் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. அதை வாய்ப்பக்கம் எவ்வளவு குறுக்குகிறோமோ அவ்வளவு தூரம் ரவைகள் (தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன உருண்டைகள்) சிதறாமல் சேர்ந்து போகும். சோக் வகைகளில் மிகத் திறந்தது சிலிண்டர், அதில் குறுக்கமே கிடையாது. இம்ப்ரூவ்டு சிலிண்டரில் கால் மி.மீ., மாடிஃபைடில் அரை மி.மீ., ஃபுல்லில் ஒரு மி.மீ. வரை போகும். 40 கஜ தூரத்தில், 30 அங்குல வட்டத்துக்குள் இவை முறையே 40, 50, 60, 70 சதவீத ரவைகளைப் போடும் என்பது பொதுக் கணக்கு. பெரெட்டா ட்யூபின் விளிம்பில் ஒரு வெட்டு இருந்தால் ஃபுல், ஐந்து இருந்தால் சிலிண்டர். எல்லாக் கம்பெனியும் இதே முறையைப் பின்பற்றுவதில்லை. மரையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஏன், ஒரே கம்பெனியிலேயே மாறும். பார்த்து வாங்குங்கள்.

இந்தச் சதவீதங்கள் உங்கள் துப்பாக்கிக்கு அப்படியே பொருந்தாது. தோட்டா மாறினால் கணக்கும் மாறும். தெரிந்துகொள்ள ஒரே வழி தாள்தான். நாலடி அகலத் தாளை 40 கஜத்தில் கட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்துச் சுட வேண்டும். சுட்ட பிறகுதான் ரவை அடர்ந்த இடத்தைச் சுற்றி அந்த 30 அங்குல வட்டத்தைப் போட வேண்டும், முன்னாலேயே போடக்கூடாது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் நாலைந்து தாள் ஆகும். 28 கிராம், ஏழரை நம்பர் (ரவையின் அளவு) ஈயத் தோட்டாவில் சுமார் 350 ரவை இருக்கும். உட்கார்ந்து பேனாவால் குத்திக் குத்தி எண்ண வேண்டியதுதான். சலிப்பான வேலைதான், ஆனாலும் செய்யுங்கள். வேறொரு கம்பெனியின் மாடிஃபைட் ட்யூப் ஒன்று வாங்கியிருந்தேன். தாளில் அது இம்ப்ரூவ்டு சிலிண்டர் போலவே விரித்தது. அளந்து பார்த்தால் குறுக்கம் கால் மி.மீ.தான். எண்ணாமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

வாத்துக்கு ஈய ரவை 1991 முதல் அமெரிக்கா முழுக்கத் தடை. நீர்ப்பறவைகளுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் நிலங்களில் ஃபெசன்ட் சுடுவதற்கும் ஈயம் கூடாது. ஆக, பெரும்பாலும் ஸ்டீல்தான். ஸ்டீல் ரவை கெட்டியானது. குழலுக்குள் நசுங்காததால் ஈயத்தைவிடச் சேர்ந்தே போகும். என் துப்பாக்கியில் மாடிஃபைட் போட்டு ஸ்டீல் சுட்டால் ஈயத்தில் ஃபுல் சுட்ட மாதிரிதான் தாள் காட்டுகிறது. அதனால் ஃபெசன்டுக்கு முதல் குண்டு இம்ப்ரூவ்டு சிலிண்டர், எழும்பித் தூரம் போன பறவைக்கு மாடிஃபைட். வாத்துக்கும் இதே ஜோடிதான். ஃபுல் ட்யூபில் ஸ்டீல் போடவே வேண்டாம். ட்யூபும் போகலாம், குழலும் வீங்கிவிடலாம்.

க்ளேயில் ஸ்கீட் சுலபம். தட்டுகள் 21 கஜத்துக்குள்தான் குறுக்கே போகும், திறந்த சோக் போதும். ட்ராப் வேறு கதை. தட்டு நம்மை விட்டு விலகி ஓடும், உடைக்கும்போது 35 கஜம் ஆகியிருக்கும், அங்கே இறுக்கம் வேண்டும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்டது இந்த ட்ராப் வகையில்தான். ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி மட்டும்தான் பயன்படும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் வேட்டைக்கு இடமில்லை, இருக்கவும் வேண்டாம். நிலைக்கு நிலை தட்டு வேறுவிதமாகப் பறக்கும் ஸ்போர்ட்டிங் க்ளேயில் ஒவ்வொரு நிலையிலும் ட்யூபை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் தட்டு எங்கே எழுந்து எங்கே விழுகிறது என்று கவனித்தால் கூடுதலாக உடைக்கலாம்.

அப்புறம் பராமரிப்பு. தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்து, துப்பாக்கியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ட்யூபில் கை வைக்க வேண்டும். உள்ளே சாம்பல் நிறத்தில் கோடு கோடாகத் தெரிவது தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கின் படிவு. சால்வன்ட் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, வெண்கல பிரஷ்ஷால் தேய்த்தால் உரிந்து வரும். மரைக்குப் பழைய டூத்பிரஷ், அதன்மேல் சோக் கிரீஸ் மெல்லிசாக ஒரு பூச்சு. அதிகம் பூசினால் மண்ணும் கரியும் ஒட்டும். கையால் கடைசிவரை திருகி, சாவியால் லேசாக இறுக்கினால் போதும். 25 தட்டு முடிந்ததும் தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், குழல் சூடானால் தளரும். தளர்ந்த ட்யூபோடு சுட்டால் ரவை அதன் பின்விளிம்பில் மோதிக் குழலையே கெடுத்துவிடும்.

இறுகிப் போய் வராவிட்டால் இடுக்கி வேண்டாம். துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், அப்படியும் அசையாவிட்டால் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுங்கள். சதுப்பில் நனைந்து வந்த நாளில், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றைக்கே இரண்டு ட்யூபையும் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள், ட்யூபுக்கும் குழலுக்கும் நடுவில் தங்கும் தண்ணீர்தான் துருவுக்கு ஆரம்பம். காய்ந்ததும் மறக்காமல் திருப்பி மாட்டுங்கள். ட்யூப் இல்லாத வெறும் மரையோடு ஒரு குண்டுகூடச் சுடக்கூடாது.