94,500 ரூபாவுக்குப் "புதுக் கமரா": மலையகத்தில் சிறு கமரா வாங்க இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சட்டைப்பையில் அடங்கக்கூடிய சிறிய டிஜிற்றல் கமரா ஒன்றை ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் வாங்க எண்ணியிருப்பவர்கள், பணத்தை வெளியே எடுப்பதற்கு முன்னர் தயவுசெய்து இதை வாசித்துவிடுங்கள். எங்கள் தோட்டப் பாடசாலைக்காக நாங்கள் வாங்கிய கமராவுக்கு 94,500 ரூபா கொடுத்தோம். பெட்டி பிரிக்கப்படாத புதுச்சரக்கு என்று சொல்லி எங்களிடம் தரப்பட்டதோ, ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் படம் பிடித்து, ஒரு தடவையேனும் கழற்றிப் பூட்டப்பட்டு, வில்லைக்குள் பூஞ்சணம் படர்ந்துபோன பழைய கமரா. முறைப்பாடு எழுதிக்கொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. மலையக நகரமொன்றின் பஸ் நிலையத்துக்கு அருகே கைத்தொலைபேசி, அதன் உறைகள், மின்னேற்றிகள் ஆகியவற்றோடு கண்ணாடி அலுமாரியில் சில கமராக்களையும் வைத்து விற்கும் கடை அது என்பது போதும்.

அந்த 94,500 ரூபா யாருடைய பணம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் பெற்றோரும், கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் சிலரும் ஐந்நூறும் ஆயிரமுமாகச் சேர்த்துக் கொடுத்த பணம் அது. 2024 இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் சரியாக 70 முழுப் பேர், அதாவது 70 நாளின் முழுச் சம்பளம். மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறி, கொழுந்து நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப் பேராகிவிடுமோ என்று அஞ்சி அஞ்சி உழைத்தவர்களின் 70 நாள். மாசி மாதத்தில் எங்கள் தோட்டத்தில் நடக்கும், ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தைப் பிள்ளைகளே படம் பிடித்துப் பாடசாலையில் சேமித்து வைக்க வேண்டும், கூத்துப் பாட்டுகளை இன்னும் நினைவில் வைத்திருக்கும் முதியவர்களை அவர்கள் இருக்கும்போதே பதிவுசெய்துவிட வேண்டும் என்பதே நோக்கம். கைத்தொலைபேசியை மாணவர்கள் கையில் கொடுத்து அனுப்ப எந்தப் பெற்றோரும் விரும்பவில்லை. அழைப்பும் இணையமும் இல்லாத, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கைக்கு அடக்கமான ஒரு கமரா என்றால் எல்லோரும் சம்மதித்தார்கள்.

எதை வாங்குவது என்பதை நாங்கள் அவசரத்தில் முடிவுசெய்யவில்லை. இவ்வகைச் சிறு கமராக்களை ஒப்பிடும்போது மெகாபிக்சல் எண்ணிக்கையை விட முக்கியமானது, உள்ளே இருந்து படத்தைப் பதியும் ஒளி உணரியின் பரப்பு. மலிவான சிறு கமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏறத்தாழ 6.17 மில்லிமீற்றர் நீளமும் 4.55 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட உணரி. 1 அங்குல வகை எனப்படும் உணரியோ 13.2 க்கு 8.8 மில்லிமீற்றர், அதாவது பரப்பில் ஏறக்குறைய நான்கு மடங்கு. 20 மெகாபிக்சல் கொண்ட கனன் இக்சஸ் 185 இன் வில்லை, சூம் செய்யாத அகன்ற நிலையில் எஃப் 3.2 வரைதான் திறக்கும் (இந்த எஃப் எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரிது). 2012 இல் வந்த சோனி ஆர்.எக்ஸ். 100, 2014 இல் வந்த கனன் ஜீ 7 எக்ஸ் ஆகியவற்றுக்கும் ஏறத்தாழ அதே 20 மெகாபிக்சல்தான், ஆனால் அவை எஃப் 1.8 வரை திறந்து மூன்று மடங்கு ஒளியை உள்ளே விடும். பகல் வெளிச்சத்தில் பாடசாலை விளையாட்டுப் போட்டியைப் பிடிப்பதற்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. நள்ளிரவில் தீப்பந்த வெளிச்சத்தில் ரதியும் மன்மதனும் ஆடும்போது அதுதான் எல்லாமே. எடையிலும் இவை பாரமில்லை: சோனி 240 கிராம், கனன் ஜீ 7 எக்ஸ் 304 கிராம், அதைவிடச் சிறிய கனன் ஜீ 9 எக்ஸ் 209 கிராம். ஆகவே 1 அங்குல உணரி கொண்ட பழைய மாதிரி ஒன்று, புதியதாகவோ குறைந்தபட்சம் நேர்மையாகச் சொல்லி விற்கப்படுவதாகவோ கிடைத்தால் போதும் என்பது எங்கள் முடிவு. அதே கண்ணாடி அலுமாரியில் 48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு சூம் என்று தடித்த எழுத்தில் அச்சிட்ட பெட்டிகளும் இருந்தன. அவற்றின் வில்லை அசையவே அசையாது, சூம் என்பது படத்தை வெட்டிப் பெருப்பிப்பது மட்டுமே, சிறிய உணரி தரும் படத்தை மென்பொருளால் ஊதி 48 மெகாபிக்சல் ஆக்குகிறார்கள் என்பது தெரிந்திருந்ததால் அவற்றை நாங்கள் தொடவில்லை.

கடைக்காரர் எடுத்துக் காட்டியது பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனமொன்றின் 1 அங்குல உணரிக் கமரா. பழைய மாதிரி, கொழும்பு இறக்குமதியாளரிடம் விற்காமல் கிடந்தது, அதனால்தான் இந்த விலை, ஆனால் யாரும் கை வைக்காத சரக்கு என்றார். பெட்டியில் ஒட்டுநாடா இருந்தது. திரையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை எங்கள் கண்முன்னே அவரே உரித்தார். தன் மேசையில் கிடந்த நினைவக அட்டையைச் செருகி, என்னையும் என்னோடு வந்த ஆசிரியையையும் ஒரு படம் எடுத்துத் திரையில் காட்டினார், பற்றரியில் சார்ஜ் குறைவு என்று சொல்லி உடனே அணைத்துவிட்டார். தேநீர் வரவழைத்தார். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, பிள்ளைகள் எத்தனை பேர், யார் பணம் கொடுத்தார்கள் என்றெல்லாம் அக்கறையோடு கேட்டார். பணம் எப்படிச் சேர்ந்தது என்பதை நான் சொன்னபோது அவர் சொன்ன பதிலை வாழ்நாளில் மறக்கமாட்டேன்: "டீச்சர், நானும் லயத்துல பொறந்து வளந்தவன்தான். தோட்டத்துப் புள்ளைங்க காசுல நான் கை வப்பேனா?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் 94,500 ரூபாவையும் எண்ணி அவர் கையில் கொடுத்தோம். கொழும்பில் முன்பின் தெரியாத ஒருவர் ஏமாற்றியிருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. எங்கள் பேச்சைப் பேசி, எங்கள் லயத்தைச் சொல்லி, எங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டே ஏமாற்றியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பாடசாலைக்கு வந்து, புத்தம்புதிய நினைவக அட்டையைப் போட்டு எடுத்த முதல் படத்தின் கோப்பு எண் 6318. இத்தகைய கமராக்கள் அட்டையை மாற்றினாலும் விட்ட இடத்திலிருந்து எண்ணைத் தொடரும்படியே வழக்கமாக அமைக்கப்பட்டிருக்கும். வெற்று அட்டையில் முதல் படம் 6318 என்றால், அதற்கு முன் அந்தக் கமரா ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பார்த்திருக்கவே வாய்ப்பு அதிகம். பெட்டியின் பக்கத்தில் இருந்த தொடர் எண்ணின் மீது விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதை உரித்துப் பார்த்தால், கமராவின் அடியில் பொறித்திருந்த எண் வேறு, பெட்டியில் இருந்த எண் வேறு. வெளிச்சத்தை நோக்கி எடுத்த படங்கள் எல்லாம் பால் கலந்ததுபோல் மங்கின. டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து வில்லைக்குள் பார்த்தபோது, உட்கண்ணாடியில் மெல்லிய நூல்கள் கிளைவிட்டுப் பரவியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. கூத்து ஒத்திகைக்குப் பிள்ளைகள் எடுத்துச் சென்ற அன்று வில்லை பாதி வெளியே வந்து நின்றுவிட்டது, பிறகு உள்ளேயும் போகவில்லை. கமராவைக் கையில் வைத்திருந்த மாணவி, தான்தான் உடைத்துவிட்டேன் என்று எண்ணி அழுதாள். அவளைச் சமாதானப்படுத்த எனக்கு வெகுநேரம் பிடித்தது. அந்தக் கடைக்காரரை நினைக்கும்போது எனக்கு முதலில் ஆத்திரம் வருவது பணத்துக்காக அல்ல, அந்தப் பிள்ளைக்காக.

கடைக்குத் திரும்பப் போனதும் அவர் முகமே மாறிவிட்டது. "இங்க எப்பவும் மிஸ்ட்தானே டீச்சர், பனி உள்ள போயிருக்கும். ஈரம் பட்டா வாரண்டி இல்ல" என்று, உத்தரவாதச் சீட்டில் சிறிய எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார். மலையகத்தில் கடை வைத்து, மலையகத்தாருக்கு விற்றுவிட்டு, மலையகத்தின் பனியையே காரணமாகச் சொல்வதை எப்படி ஏற்பது? வில்லைக்குள் பூஞ்சணம் கிளைவிட்டுப் படர வாரங்களோ மாதங்களோ பிடிக்கும். வாங்கிய சில நாட்களில் அது வந்திருக்க வழியே இல்லை. கோப்பு எண்ணைக் காட்டியபோது, அது தொழிற்சாலையில் பரிசோதித்த கணக்கு என்றார். எந்தத் தொழிற்சாலை ஒவ்வொரு கமராவிலும் ஆறாயிரம் படம் எடுத்துப் பரிசோதிக்கும் என்று கேட்டதற்கு, வேறு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த முறை போனபோது, முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார் என்று வேலைசெய்யும் தம்பி சொன்னார். உள் அறையில் அவருடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையும் எண்களையும் அவர் பார்த்துவிட்டதாகக் காட்டியது, பதில் இல்லை. பின்னர் கமராவைக் கடையில் விட்டுப்போகுமாறும், கொழும்பில் காட்டித் தருவதாகவும் சொன்னார். கையேற்றதாக ஒரு சீட்டு எழுதித் தாருங்கள் என்றதும், "நம்பிக்கை இல்லாட்டி கொண்டு போங்க" என்றார். கடைசியில் எங்களுக்குக் கருணை காட்டுவதைப்போல, இன்னும் 20,000 ரூபா கொடுத்தால் வேறொன்று தருவதாகச் சொன்னார். 94,500 ரூபாவை விழுங்கியது போதாதென்று மேலும் 20,000!

கண்டியில் கமரா திருத்தும் அனுபவசாலி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அடிப்பாகத் திருகாணிகளின் தலைகள் தேய்ந்திருப்பதைக் காட்டி, இது ஏற்கெனவே திறக்கப்பட்டது என்றார். பூஞ்சணம் கண்ணாடிப் பூச்சையும் அரித்துவிட்டதால் துடைத்தாலும் தடம் போகாது, வில்லைத் தொகுதியையே மாற்ற வேண்டும், அதற்கு ஆகும் செலவில் இதைத் திருத்துவதில் பொருளில்லை என்றார். பார்த்ததற்கு அவர் பணம் வாங்கவில்லை.

விலை, எடை, வில்லை, பற்றரி எனச் சிறு கமராக்களை முழுமையாக ஒப்பிட்டு, எங்களைப் போன்ற பாடசாலைகளுக்குப் பயன்படும்படி எழுதித் தருவதாகச் சக ஆசிரியர்கள் சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை, நேரமும் இல்லை. அவசரமாகச் சில விடயங்களை மட்டும் சொல்கிறேன். உலகம் முழுவதும் 2010 இல் 10 கோடிக்கும் மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட, வில்லையைக் கழற்ற முடியாத இவ்வகைக் கமராக்கள், 2023 இல் 20 இலட்சத்தையும் தொடவில்லை. புதிதாக வருவதே இவ்வளவு குறைந்துவிட்டதால், பழைய மாதிரி ஒன்றைப் புதியது என்று எவராவது காட்டினால், அது பழையது என்றே எண்ணிக்கொண்டு சோதியுங்கள். உங்கள் சொந்த வெற்று அட்டையைக் கொண்டுபோய்ச் செருகி, முதல் படத்தின் கோப்பு எண்ணைப் பாருங்கள். எண்ணை மீள அமைத்துவிடவும் முடியும் என்பதால், எண் சிறியதாக இருக்கிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், திருகாணிகளையும் பாருங்கள். கமராவின் தொடர் எண்ணும் பெட்டியின் தொடர் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், சீட்டு ஒட்டி மறைத்திருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். டோர்ச் ஒன்றைக் கொண்டுபோய் வில்லைக்குள் அடித்துப் பாருங்கள், சூமை முழுதாக நீட்டி மடக்கிப் பாருங்கள். பற்றரியில் சார்ஜ் இல்லை என்றால், ஏறும்வரை கடையிலேயே இருங்கள்.

பற்றுச்சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுடையதில் "கமரா 1, ரூபா 94,500" என்று மட்டுமே இருக்கிறது, மாதிரியும் இல்லை, தொடர் எண்ணும் இல்லை, புதியது என்ற சொல்லும் இல்லை. ஆயினும் விலைச்சீட்டு ஒட்டிய பெட்டி, எண்கள் இரண்டின் படங்கள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தியிருக்கிறோம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், "இன்னைக்கு வாங்க, நாளைக்கு வாங்க" என்று கடைக்காரர் இழுத்தடிக்கும்போது நாட்களை எண்ணிக்கொண்டிருங்கள். எங்கள் முறைப்பாட்டில் பெற்றோர் கையொப்பம் இடுகிறார்கள். இந்தக் கிழமையே தபாலில் போகிறது.