சீனாவைத் தனியாக வைக்கலாம் என்றார்கள், இரண்டு தடவை விற்றுவிட்டார்கள்

ஆலோசகர் பேச்சைக் கேட்டு வெளிநாட்டுப் பங்கு நிதிகளில் பணம் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, கையில் இருக்கும் நிதிகளை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடந்துகொண்டிருக்கலாம்.

2020 கடைசியில் ஒரு முதலீட்டு ஆலோசனை நிறுவனத்துக்குப் போனேன். பெயர் சொல்லவில்லை. என் கணக்கைப் பார்த்துக்கொண்டவர், "இந்தியா, பிரேசில் போன்ற வளரும் சந்தைகளோடு சீனாவைப் போட்டுக் குழப்பாதீர்கள். அதைத் தனியாக வையுங்கள், அப்போதுதான் அதன் அளவு உங்கள் கையில் இருக்கும்" என்றார். பங்குகளுக்கென்று ஒதுக்கிய பணத்தில் 20 சதவீதம் வளரும் சந்தை நிதியில், 10 சதவீதம் சீன நிதியில். கையெழுத்துப் போட்டேன்.

அந்த யோசனையில் தப்பில்லை, இன்றும் அதை நம்புகிறேன். அந்த நவம்பரில்தான் சீன இணையப் பணப்பரிமாற்ற நிறுவனமான ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீடு சந்தைக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது நிறுத்தப்பட்டிருந்தது. அரசின் ஒரு முடிவு ஒரு துறையையே புரட்டிப்போடும் இடத்தில் எவ்வளவு பணம் வைப்பது என்பதை நாமே முடிவு செய்வதுதான் சரி.

ஆனால் எனக்கு விற்ற வளரும் சந்தை நிதியில் சீனா அப்படியே இருந்தது. அது பின்பற்றியது எம்எஸ்சிஐ என்ற நிறுவனத்தின் வழக்கமான வளரும் சந்தைக் குறியீட்டை, அதாவது எந்த நாட்டுப் பங்கு எவ்வளவு என்று சொல்லும் பட்டியலை. அப்போது அதில் சீனா மட்டும் சுமார் 40 சதவீதம். கணக்கைப் பாருங்கள். 20இல் 40 சதவீதம் என்றால் 8. தனியாக வாங்கிய 10ஐச் சேர்த்தால் 18. இரண்டு நிதிகளிலும் சேர்த்துப் போட்ட 30இல் 18 சீனா! மூன்றில் ஒரு பங்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் 60 சதவீதம்.

இது எனக்குத் தெரிந்தது 2021 ஜூலையில். தனியார் டியூஷன் நிறுவனங்கள் பள்ளிப் பாடங்களை லாபத்துக்கு நடத்தக் கூடாது என்று சீன அரசு அறிவித்த வாரம் அது. சீன நிதி விழுந்தது, சரி. இன்னொன்றும் ஏன் கூடவே விழுகிறது? இரண்டின் மாதாந்திர அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டென்சென்ட், அலிபாபா, மெய்டுவான் என்ற சீன இணைய நிறுவனங்கள். இரண்டிலும் முதல் பத்துக்குள் அதே பெயர்கள்.

போன் செய்து கேட்டேன். "சீனா இல்லாத நிதியை எங்கள் நிறுவனம் விற்பதில்லை" என்றார். எம்எஸ்சிஐ சீனாவை நீக்கிய குறியீட்டை 2017இலேயே வெளியிட்டுவிட்டது, அதைப் பின்பற்றும் நிதிகளும் இருந்தன. விற்பதில்லை என்றால், சீனாவைத் தனியாக வைக்கச் சொல்லும்போதே அதையும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நிதிகளிலிருந்தும் அவர்களுக்குக் கமிஷன் போனது என்பதைக் கட்டண விவரத்தைக் கேட்டு வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான்.

"இப்போது விற்றால் நஷ்டம், பொறுங்கள்" என்றார். பொறுத்தேன். 2022 அக்டோபருக்குள் சீனப் பங்குகள் முந்தைய ஆண்டின் உச்சத்திலிருந்து பாதிக்கு மேல் இழந்திருந்தன. அப்போது அவரே அழைத்து, சீனாவிலிருந்து முழுதாக வெளியே வந்துவிடலாம் என்றார். இரண்டையும் விற்று, சீனா இல்லாத நிதி ஒன்றுக்கு மாற்றினார். அது இப்போது அவர்கள் பட்டியலில் வந்திருந்தது. வெளியேறும் கட்டணத்தை நான் கட்டினேன். அடுத்த மூன்று மாதத்தில், கோவிட் கட்டுப்பாடுகளைச் சீனா கைவிட்டபோது, அந்தச் சந்தை வேகமாக ஏறியது. என்னிடம் அதில் ஒரு பங்குகூட இல்லை. தனி ஒதுக்கீடு என்று ஆரம்பித்தவர், முதலில் இரட்டிப்பாக வைத்தார், அப்புறம் பூஜ்யமாக்கினார். முதல் நாள் பேசிய 10 எந்த நாளிலும் என்னிடம் இருந்ததில்லை.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. மாற்றிக் கொடுத்த நிதி, எம்எஸ்சிஐ போலவே குறியீடுகள் வெளியிடும் எஃப்டிஎஸ்இ நிறுவனத்தின் குறியீட்டைப் பின்பற்றுவது. எஃப்டிஎஸ்இ 2009 முதல் தென்கொரியாவை வளர்ந்த நாடாக வைத்திருக்கிறது, எம்எஸ்சிஐ வளரும் சந்தையாக வைத்திருக்கிறது. என்னிடம் தனியாக இருந்த வளர்ந்த நாடுகள் நிதியோ எம்எஸ்சிஐயைப் பின்பற்றுவது. ஆக, சாம்சங் உட்பட ஒரு நாடே என் இரண்டு நிதிகளுக்கும் நடுவில் காணாமல் போயிருந்தது. இதையும் நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

எழுத்தில் புகார் கொடுத்தேன். "நாடு வாரியான விவரம் ஆவணத்தில் உள்ளது, நீங்கள் அதில் கையெழுத்திட்டுள்ளீர்கள்" என்று நான்கு வரியில் பதில் வந்தது. விவரம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த ஆவணத்தைப் படித்து எனக்குச் சொல்வதற்குத்தானே அவர்களுக்குக் கட்டணம் கொடுத்தேன்?

உங்களிடம் யாராவது இதே யோசனையோடு வந்தால், வளரும் சந்தை நிதி எந்தக் குறியீட்டைப் பின்பற்றுகிறது, அதில் சீனா எத்தனை சதவீதம், தென்கொரியா எந்த நிதியில் இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். எம்எஸ்சிஐ குறியீட்டில் சீனாவை எடுத்துவிட்டால் மிச்சத்தில் பாதிக்கு மேல் தைவான், இந்தியா, தென்கொரியா என்று இந்த மூன்று நாடுகளிலேயே குவியும், டிஎஸ்எம்சி என்ற ஒரே தைவான் சிப் தயாரிப்பு நிறுவனம் பெரிய இடத்தைப் பிடிக்கும். அது உங்களுக்குச் சம்மதமா என்றும் அவர் கேட்க வேண்டும். என்னிடம் கேட்கவில்லை.

கணக்கை அங்கிருந்து எடுத்துவிட்டேன். இப்போது எம்எஸ்சிஐயின் சீனா நீக்கிய குறியீட்டு நிதியில் 20, சீன நிதியில் 10. இரண்டின் நாட்டுப் பட்டியலையும் பணம் போடுவதற்கு முன்னால் நானே படித்தேன்.