பிசியோதெரபி நல்லது, ஆனால் பயத்தையும் கொஞ்சம் கவனியுங்கள் (சேலம்)

மூன்று ஸ்டார். கை காலுக்கு மட்டும் என்றால் தாராளமாக நாலரை கொடுப்பேன். அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர், ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துபோய் வீல்சேரில்தான் இங்கே வந்தார், இப்போது ஸ்டிக் பிடித்துத் தெருமுனை வரை போய் வருகிறார், டம்ளரைத் தானே பிடித்துக் காபி குடிக்கிறார். கட்டணம் நியாயம். வாசல்படி மட்டும் உயரம்.

நான் எழுத வந்தது வேறு விஷயத்துக்காக. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது விடியற்காலையில், பாத்ரூமில். அதிலிருந்து கதவைத் தாழ் போடவே மாட்டார், நான் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கணும். நடுராத்திரியில் எழுந்து லைட்டைப் போட்டு, வாய் கோணுகிறதா என்று கண்ணாடி முன்னால் சிரித்துப் பார்ப்பார், அப்புறம் இரண்டு கையையும் தூக்கிப் பார்ப்பார். பிரஷர் மாத்திரையைக் கண்டாலே அந்த நாள் ஞாபகம் வருகிறதென்று தள்ளி வைத்துவிடுவார். வயசாச்சு, பயப்படுகிறார் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதைக் கண்டுபிடித்தது இங்கே வேலை பார்க்கும் ஒரு பிசியோ பெண். நடக்க வைத்துக்கொண்டே, "ஏங்கப்பா, ராத்திரி தூங்குறீங்களா, காவல் இருக்கீங்களா?" என்று கேட்டார். கம்பியைப் பிடித்தபடியே அப்பா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்தப் பெண் சொல்லித்தான் மனநல டாக்டரிடம் போனோம். பெரிய விபத்தில் தப்பியவர்களுக்கு வருகிற அதே மன அதிர்ச்சிதான் இது. ஸ்ட்ரோக்கில் பிழைத்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு முதல் வருடத்துக்குள் இதன் அறிகுறிகள் வருவதாக 2013-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. மாத்திரையை ஒதுக்குவதும் இதோடு சேர்ந்ததுதான், அப்படி விட்டால் அடுத்த ஸ்ட்ரோக்குக்கு நாமே வழி விட்ட மாதிரி.

நான் ஒன்றரை ஸ்டாரைக் குறைத்தது இதற்காகத்தான். ஒருநாள் ஹாலில் அப்பா அழுதபோது இன்னொரு ஊழியர், "ஆம்பளை அழலாமா பெரியவரே" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார். மூளையில் அடிபட்ட இடத்தைப் பொறுத்து அடக்க முடியாத அழுகை வரும் என்பது இந்த வேலையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அதற்கப்புறம் அப்பாவைத் திரும்ப அழைத்து வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. நிர்வாகத்திடம் சொன்னேன், சரி பார்க்கிறோம் என்றார்கள், ஒரு திரைகூட இன்னும் போடவில்லை.

முதல் நாள் ஃபாரத்தில் சுகர், பிரஷர் கேட்கிறீர்களே, தூக்கத்தையும் பயத்தையும் பற்றி இரண்டு கேள்வி சேருங்கள். அழைத்து வருகிறவர்களும் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் உடனே போக வழியில்லை என்றால் 14416-க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்ற அரசு சேவை, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் உண்டு.