ஸ்லவ் ஆபிஸா, ஸ்க்ரான்டன் ஆபிஸா?

ஒரு காகிதக் கம்பெனி அலுவலகத்தை ஆவணப்படக் குழு படம்பிடிப்பதுபோல் எடுத்த நகைச்சுவைத் தொடர் ‘தி ஆபிஸ்’. அதில் எது உசத்தி, பிரிட்டிஷ் மூலமா, அமெரிக்க ரீமேக்கா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படைப்பு என்று பார்த்தால் பிரிட்டிஷ் தொடர் ஒரு படி மேல். ஆனால் அமெரிக்கத் தொடரை வெறும் நகல் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. இரு நாட்டு நகைச்சுவை ரசனையும் வேறு வேறு, அதனால்தான் தொடர்களும் வேறு வேறு என்று பலர் சொல்கிறார்கள். எனக்கென்னவோ எல்லாம் எபிசோட் கணக்கில் தொடங்கியதாகத்தான் படுகிறது.

ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் எழுதி இயக்கிய மூலத் தொடர் 2001-ல் பிபிசியில் வந்தது. ஆறு ஆறு எபிசோடாக இரண்டு சீசன், 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு பாகச் சிறப்பு நிகழ்ச்சி. மொத்தம் 14, அத்தோடு கடையைக் கட்டிவிட்டார்கள். ஸ்க்ரான்டன் நகரத்தில் நடப்பதாக கிரெக் டேனியல்ஸ் உருவாக்கிய அமெரிக்க வடிவம் 2005-ல் என்பிசியில் தொடங்கி 2013 வரை 9 சீசன், ஏறத்தாழ 200 எபிசோட் ஓடியது.

14 எபிசோடில் முடியப்போகிற கதையில் மேனேஜர் சகிக்க முடியாதவராக இருக்கலாம். ஸ்லவ் நகரத்துக் காகிதக் கம்பெனியின் டேவிட் பிரென்ட் அப்படிப்பட்டவர்தான். கிளையில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்ற கெட்ட செய்தியையும், தனக்குப் பதவி உயர்வு என்ற ‘நல்ல செய்தி’யையும் ஒரே மூச்சில் ஊழியர்களிடம் சொல்கிறார். எதிரே நிற்பவர்களின் முகம் செத்துப்போன பிறகும் அவருக்கு உறைக்காது. ஜெர்வைஸின் நடிப்பு அங்கே உச்சம். இப்படி ஒரு ஆளை வாரா வாரம், வருஷக் கணக்கில் யாராவது வீட்டுக்குள் விடுவார்களா?

அமெரிக்கர்கள் இதை முதலில் கவனிக்கவில்லை. அவர்களுடைய முதல் எபிசோட் கிட்டத்தட்ட பிரிட்டிஷ் வசனத்தின் அச்சு அசல். வரவேற்பறைப் பெண்ணைத் திருட்டுப் பழி போட்டு வேலையை விட்டுத் தூக்குவதுபோல் விளையாடி அழவைக்கும் காட்சி உட்பட எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் ஸ்டீவ் கரெல் நடித்த ஸ்க்ரான்டன் மேனேஜர் மைக்கேல் ஸ்காட்டுக்கு அது பொருந்தவே இல்லை. முதல் சீசனில் மொத்தமே 6 எபிசோட்தான். இரண்டாவது சீசனில்தான் விழித்துக்கொண்டார்கள். மைக்கேலின் தலைமுடியில் தொடங்கி மனசு வரை மாற்றினார்கள். ஒரு எபிசோடில் முக்கியமான வாடிக்கையாளரை சில்லீஸ் உணவகத்துக்கு அழைத்துப்போய், அரட்டை அடித்து, கடைசியில் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். கூட வந்த மேலதிகாரி ஜேன் அசந்துபோவார். ஆள் நிர்வாகத்தில்தான் முட்டாள், விற்பனையில் கெட்டிக்காரர் என்று நமக்குத் தெரிந்ததுமே, ஒன்பது சீசனைத் தாங்குகிற அஸ்திவாரம் விழுந்துவிட்டது.

இரண்டு தொடரிலும் கிளைகள் இணைகிற கதை வருகிறது. பிரிட்டனில் ஸ்விண்டன் கிளை ஸ்லவ்வோடு சேர்கிறது. அங்கே மேனேஜராக இருந்த நீல், பிரென்ட்டுக்கே மேலதிகாரியாகிறார். அழகன், திறமைசாலி, எல்லாருக்கும் பிடித்தவர். பிரென்ட்டின் சரிவு அங்கே தொடங்கி, இரண்டாவது சீசன் முடிவில் வேலையைப் பறிக்காதீர்கள் என்று கெஞ்சுவதில் போய் நிற்கிறது. அமெரிக்காவில் ஸ்க்ரான்டனை மூடிவிட்டு ஸ்டாம்ஃபோர்ட் கிளையோடு சேர்க்க முடிவாகிறது. ஆனால் ஸ்டாம்ஃபோர்ட் மேனேஜர் ஜாஷ் கடைசி நேரத்தில் போட்டிக் கம்பெனிக்குத் தாவிவிடுகிறார். ஸ்க்ரான்டன் பிழைக்கிறது, மைக்கேல் நாற்காலியும் பிழைக்கிறது. தொடர் நீளவேண்டும் என்றால் அவர் விழக்கூடாதே!

காதல் கதைக்கு வருவோம். பிரிட்டிஷ் தொடரில் விற்பனையாளன் டிம், வரவேற்பறைப் பெண் டானை ஓர் அறைக்குள் அழைத்துப்போகிறான். சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றிவிடுகிறான். கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம், ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்து மைக்கை மாட்டிக்கொண்டு, அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள் என்கிறான். தொலைக்காட்சியில் நான் பார்த்த மிகச் சிறந்த நிமிடங்களில் ஒன்று அது. அமெரிக்காவில் டிம்முக்கு இணையான ஜிம், பார்க்கிங்கில் நின்று வரவேற்பறைப் பெண் பாமிடம் காதலைச் சொல்கிறான். எல்லாமே நம் காதில் விழுகிறது. நல்ல காட்சிதான், ஆனால் அந்த மௌனத்துக்குப் பக்கத்தில் நிற்காது.

அதற்காக அமெரிக்கத் தொடருக்கென்று உச்சமே இல்லை என்று நினைக்கவேண்டாம். மூன்றாவது சீசனில் பாமின் ஓவியக் கண்காட்சி வருகிறது. வந்த ஒன்றிரண்டு பேரும் மனசு வைத்துப் பார்க்கவில்லை. அவள் படங்களைக் கழற்றத் தொடங்கும் நேரத்தில் மைக்கேல் வருகிறார். அலுவலகக் கட்டடத்தை வரைந்த படத்தைப் பார்த்ததும் என்ன விலை என்று கேட்கிறார். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்கிறார். பிரென்ட்டால் இது முடியாது. பிரென்ட்டுக்குக் கொஞ்சம் மனித முகம் கிடைப்பதே கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியில், அதுவும் கடைசி நேரத்தில். மைக்கேலை நேசிக்க நமக்கு வருஷங்கள் கிடைத்தன. அந்த வருஷங்களின் எடை இந்தக் காட்சியில் இருக்கிறது.

வேறு தொடர்களிலும் இந்தக் கணக்கு பேசுகிறது. ‘கப்ளிங்’ என்ற பிரிட்டிஷ் தொடரை என்பிசி 2003-ல் எடுத்தபோது, வசனத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்து, விளம்பர இடைவேளைகளுக்காக நீளத்தை மட்டும் குறைத்தார்கள். நான்கே எபிசோடில் நிறுத்தப்பட்டது. ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ நேர்மாறான கதை. 1990-ல் பிபிசியின் பிரான்சிஸ் உர்கார்ட் நான்கே எபிசோடில் பிரதமராகிவிடுகிறார். நெட்ஃபிளிக்ஸின் அமெரிக்க வடிவத்தில் ஃபிராங்க் அண்டர்வுட் ஜனாதிபதியாக 26 எபிசோட் ஆகிறது. அதுவரை பிரமாதம். ஏறவேண்டிய படி ஏறிமுடிந்த பிறகும் நான்கு சீசன் இழுத்ததுதான் வினை. இங்கே என் ஓட்டு சந்தேகமே இல்லாமல் பிரிட்டனுக்கு.

சரி, ‘ஆபிஸ்’ விஷயத்தில் எதைப் பார்ப்பது? நேரம் குறைவு, சங்கடத்தைத் தாங்குவேன் என்றால் பிரிட்டிஷ் தொடர். இரண்டு மூன்று இரவில் முடித்துவிடலாம். வேலை முடிந்து வந்து சாப்பிடும்போது துணைக்கு ஒரு தொடர் வேண்டும் என்றால் ஸ்க்ரான்டன். ஆனால் அதை இரண்டாவது சீசனிலிருந்து தொடங்குங்கள், முதல் சீசனுக்கு அப்புறம் திரும்பி வரலாம். 7-வது சீசனில் கரெல் விடைபெற்ற பிறகு வேகம் குறைகிறது. அலுப்புத் தட்டினால் இடையில் உள்ளவற்றைத் தாண்டி நேராகக் கடைசி எபிசோடுக்குப் போய்விடுங்கள்.