அழாத பிள்ளைக்கு வந்த கமெரா

போன மாதம் கோயில் வாசலில் ஒரு தங்கச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, எங்களிட்டைக் கைக்குழந்தை ஒன்றைப் பார்க்கச் சொல்லிக் கேக்கினம். வீட்டுக்கு ஆள் வந்து வீடியோ எடுத்து ஏதோ சொல்லித் தருவினமாம். ஓம் எண்டு சொல்லவோ?" என்று கேட்டார். செருப்பைத் தேடிக்கொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

லண்டனில் பத்து வருடமாக ஃபொஸ்டர் கெயரராக, அதாவது பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்ப்பவளாக, இருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து போய்விட்டார்கள். இவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. நான் சொல்லப் போகிற சேவையை நடத்தியது எங்கள் பகுதியில் உள்ள கைக்குழந்தை மனநலக் குழு. குழுவின் பெயரை எழுதினால் பிள்ளையை யாராவது அடையாளம் கண்டுபிடிக்கலாம், ஆகவே எழுதவில்லை. சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பிள்ளையைக் குட்டி என்று வைத்துக்கொள்வோம்.

குட்டி வந்தபோது ஏழு மாதம். இரவு ஒன்பது மணிக்கு, ஒரு பிளாஸ்டிக் பை, பாதி பால்மா டின், பிள்ளையின் ஊசி, நிறை எல்லாம் எழுதுகிற சிவப்புப் புத்தகம், இவ்வளவோடு சோஷல் வேர்க்கர் கொண்டுவந்து தந்தார். அழவில்லை. அடுத்த நாளும் அழவில்லை. பசித்தாலும் இல்லை, நாப்பி நனைந்தாலும் இல்லை. என் மச்சாள் பார்த்துவிட்டு, "என்ன நல்ல பிள்ளை, வீட்டில குழந்தை இருக்கிற மாதிரியே இல்லை" என்றார். நானும் பெருமையாகச் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சாவகச்சேரியில் இருந்து வீடியோவில் பார்த்த என் அம்மாதான், "ஊசி போட்டாலும் அழேல்லையோ?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அம்மாவின் அந்த மௌனம் எனக்குள் புகுந்துவிட்டது. சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னேன். "நன்றாக ஒத்துப்போய்விட்டாள் போல" என்ற பதில்தான் வந்தது. இங்கிலாந்தில் பராமரிப்புக்கு வந்த பிள்ளைக்கு 20 வேலை நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். செய்தார்கள். நிறை, இடுப்பு, காது எல்லாம் சரி. மனதைப் பார்க்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறதே என்று கேட்டேன். முன்பு என்னிடம் இருந்த பிள்ளைகளுக்கு வருடா வருடம் நிரப்பிப் பழக்கம். அது 4 வயதில் இருந்து 16 வரைதானாம். நாலு வயது வரைக்கும் மனம் இல்லையா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. சிறு பிள்ளைகளை வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதியான ஹெல்த் விசிட்டர்தான் இப்படி ஒரு குழு இருக்கிறது என்று சொல்லி, அவரே கடிதமும் எழுதினார்.

பதினொரு வாரம் காத்திருந்தோம். பெரிய ஆளுக்குப் பதினொரு வாரம் ஒன்றுமில்லை. பத்து மாதப் பிள்ளைக்கு அது இதுவரை வாழ்ந்ததில் கால்பங்கு. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளை இனி யாரோடு வளர வேண்டும் என்று தீர்மானிக்கிற இப்படியான வழக்குகளை நீதிமன்றம் 26 வாரத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு இந்தக் காத்திருப்பிலேயே போய்விட்டது. என்னுடைய முதல் குறை இதுதான்.

சரி, சேவை எப்படி என்று பார்ப்போம். மொத்தம் பத்து வருகை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், உங்கள் வீட்டிலேயே. காசு இல்லை. நீங்களும் பிள்ளையும் விளையாடுவதை, சாப்பிடுவதைப் பத்து, பதினைந்து நிமிடம் எடுப்பார்கள். அடுத்த வாரம் அதில் வெட்டி எடுத்த சில துண்டுகளைக் காட்டிப் பேசுவார்கள். இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. 2015இல் இந்த நாட்டில் மருத்துவ வழிகாட்டிகளைத் தயாரிக்கிற நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியிலேயே பராமரிப்பில் உள்ள சிறு பிள்ளைகளுக்கு இதைப் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

முதல் நாள் வீட்டைக் கழுவித் துடைத்து, வடை சுட்டு, குட்டிக்கு நல்ல சட்டை போட்டு, நானும் புதுச் சுரிதாரில் நின்றேன். வந்த பெண்மணி சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே தரையில் இருந்தார். பெருவிரலில் ஓட்டையோடு ஒரு சொக்ஸ். வடை மூன்று சாப்பிட்டார். அப்போதே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

முதல் இரண்டு வாரமும் காட்டிய துண்டுகள் எல்லாம் நான் நன்றாகச் செய்தவை. குட்டி கரண்டியைத் தட்டுகிறாள், நானும் தட்டுகிறேன். நிறுத்திவிட்டு, "இதில் யார் முதலில் தொடங்கினார்கள்?" என்பார். எனக்கு எரிச்சல். பிள்ளையைப் பார்க்கக் கூப்பிட்டால் என்னைப் புகழ்ந்துவிட்டுப் போகிறாரே என்று இவரிடம் புறுபுறுத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு துண்டு காட்டினார், பதினொரு விநாடி. குட்டி தவழ்ந்து போய் ரீப்போவின் விளிம்பில் நெற்றியை இடிக்கிறாள். நான், "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்கிறேன், போனைப் பார்த்தபடி. சத்தத்தை நிறுத்திவிட்டு மூன்று தரம் போட்டார். முதல் தரம், "அவளுக்குப் பெரிதாக நோகவில்லை" என்றேன். இரண்டாம் தரம் பேசவில்லை. மூன்றாம் தரம்தான் கண்டேன். குட்டியின் வாய் அழத் திறக்கிறது. திறந்த வாய் மூடிக்கொள்கிறது. கண் என்னைத் தேடவே இல்லை, சுவரில் இருக்கிற ஹீட்டரைப் பார்க்கிறது.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று எங்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, "அழுதும் பால் வராத பிள்ளை என்ன செய்யும்?" என்று கேட்டார். அதற்கு மேல் அன்று நாங்கள் அதிகம் கதைக்கவில்லை. சத்தம் இல்லை என்பதற்காக உள்ளே பயம் இல்லை என்று ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போன் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த வாரம் நானே கேட்டேன். அப்போதுதான் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்கர் 1970களில் செய்த பரிசோதனையைச் சொன்னார். தாய் பிள்ளையோடு நன்றாக விளையாடிவிட்டு, திடீரென்று முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு. பிள்ளை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், ஒன்றும் நடக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வட்ஸ்அப் பார்க்கிற என் முகமும் அந்தக் கல்தான். இப்போது எங்கள் போன் இரண்டும் பகலில் ரொட்டி டின்னுக்குள்.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. அவள் கேட்காவிட்டாலும், கேட்டது மாதிரி நடக்க வேண்டும். இடித்தால் ஓடிப் போய்த் தூக்கி, "நொந்துபோச்சே" என்று தடவ வேண்டும். அவள் கட்டை மாதிரி இருப்பாள். பைத்தியக்காரி மாதிரி நான் நாடகம் ஆடுவேன். இரவு வேலை முடிந்து ஏழு மணிக்கு வருகிற இவரும் ஆட வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது ஐந்தாவது வாரம். குட்டி ஆங்கிலேயப் பிள்ளை. "ஆங்கிலத்திலேயே பேசுங்கள், பிறகு அவளுக்குக் குழப்பம்" என்று யாரோ ஒருவர் முன்பு சொல்லியிருந்தார், நானும் அப்படியே செய்துகொண்டிருந்தேன். அந்த வாரத்துத் துண்டில் ஒரு இடத்தில் என்னை அறியாமல், "என்ரை ராசாத்தியெல்லோ" என்று சொல்லிவிட்டேன். "மன்னியுங்கள்" என்று அவரிடம் சொன்னேன். அவர் பின்னால் ஓட்டி, நான் ஆங்கிலம் பேசுகிற துண்டையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டார். ஆங்கிலத்தில் என் முகம் வங்கியில் படிவம் நிரப்புகிற முகம். ராசாத்தி என்கிறபோது புருவம் ஏறுகிறது, குரல் ஏறி இறங்குகிறது, குட்டி தலையைத் திருப்பி என் வாயைப் பார்க்கிறாள். "அந்தக் குரலை அவளுக்குக் கொடுங்கள்" என்றார். சோஷல் வேர்க்கரிடமும் அவரே பேசினார். கொஞ்சுகிறபோது தமிழ், பொருட்களின் பெயருக்கு ஆங்கிலம் என்று முடிவாயிற்று. இந்த ஒரு வாரத்துக்காகவே பத்து வாரமும் தகும்.

எங்கள் ஆட்களுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. ஏணை கட்ட முடியாது, பக்கத்தில் போட்டுப் படுக்க முடியாது, மொட்டை போட முடியாது. தலைமயிர் நுனி வெட்டவும் அனுமதி கேட்க வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு முன் இரண்டு பிள்ளை வளர்த்தவளுக்குக் கையைக் கட்டிவிட்ட மாதிரித்தான். வீடியோ எடுக்க வந்த பெண்மணி அந்த விதிகளுக்குச் சப்பைக்கட்டு கட்டவில்லை. மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தார். காலை நீட்டி, முழங்காலில் வைத்து ஆட்டலாம். ஆட்டினேன்.

ஏழாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் ஒரு ஞாயிறு. அதிகாலை மூன்று மணிக்குக் குட்டி கத்தினாள். சிணுங்கல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுகிற கத்தல். நான் ஓடிப் போய்த் தூக்க, சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இவருக்கு வேலையிடத்துக்கு எடுத்துச் சொன்னேன். "இதுக்கோ நாங்கள் இவ்வளவு பாடுபட்டனாங்கள்?" என்றார். அவருக்கும் குரல் அடைத்திருந்தது.

இனிக் குறைகள். குட்டி வாரத்தில் மூன்று நாள் தாயைப் பார்க்கப் போவாள், வேறு ஒரு கட்டடத்தில், ஒன்றரை மணி நேரம். அந்த நாட்களில் திரும்பி வரும்போது மறுபடியும் கட்டைதான். குழு என்னோடு மட்டும் வேலை செய்தது. அந்தத் தாயோடு யாரும் தரையில் இருக்கவில்லை. தாய் ஒரு தரம் தன் கார்டிகனைக் கொடுத்தனுப்பினார். தோய்க்காதீர்கள், மணம் போய்விடும் என்று சொன்னதை மட்டும் சரியாகச் செய்தேன்.

மற்றது, பத்து என்றால் பத்து. குட்டிக்குப் பதினாறு மாதத்தில் தத்தெடுக்கும் குடும்பம் கிடைத்தது. அவர்களோடு அவள் பழகுவதற்குப் பத்து நாள். பிள்ளைக்கு மிகப் பெரிய இடிபாடு அதுதான். அப்போது கோப்பு மூடியாயிற்று என்றார்கள். "கொஞ்ச மாதம் போகட்டும், உங்களை மறக்கட்டும்" என்று எனக்குச் சொன்னவரும் உண்டு. ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள் சொல்வது நேர்மாறு, போன பின் சீக்கிரமே பழைய முகத்தைப் பிள்ளை காண வேண்டும் என்கிறார்கள். அந்தத் தாளை அச்செடுத்துக் கூட்டத்தில் வைத்தேன். மூன்றாவது வாரம் போய்ப் பார்க்க விட்டார்கள். குட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஓடினாள், கம்பளத்தில் தடக்கி விழுந்தாள். பெரிதாக அழுதபடி புதுத் தாயின் கால் இரண்டையும் போய்க் கட்டிக்கொண்டாள். நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன்.

புள்ளி கேட்டால், வந்த பெண்மணிக்கு ஐந்துக்கு ஐந்து. அவர் வந்த நேரத்துக்கும் நின்ற நேரத்துக்கும் இரண்டு.

தங்கச்சி, ஓம் என்று சொல்லுங்கள். பிள்ளை வந்த கிழமையே ஹெல்த் விசிட்டரைக் கேளுங்கள், யாரும் தானாகத் தர மாட்டார்கள். வீட்டைக் கழுவாதீர்கள். அப்புறம், வீடியோத் துண்டுகளின் பிரதி பிள்ளைக்குக் கிடைக்குமா என்று முதல் நாளே எழுத்தில் கேட்டுவிடுங்கள். நான் கடைசி வாரம்தான் கேட்டேன். கவுன்சில் சம்மதித்து நாலு துண்டு தந்தது. குட்டியின் நினைவுப் பெட்டியில், தோய்க்காத கார்டிகனுக்குப் பக்கத்தில் அந்தப் பென் டிரைவை வைத்தேன். கூடவே ஆங்கிலத்தில் ஒரு துண்டுக் கடதாசி: வீடியோவில் இந்த அன்ரி அடிக்கடி சொல்கிற 'ராசாத்தி' என்ற சொல்லுக்கு ராணி என்று பொருள்.